சந்தியோகரின் சூட்டு வண்டில்

மனைவி பெர்னடெட் அடுப்பிலிருந்து அள்ளிக்கொடுத்த தணலைத் தகரத்தில் ஏந்திக்கொண்டு கனிசியஸ் முற்றத்துக்கு வந்தபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அதற்குள் குளித்து, சவரம் செய்து, பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையையும் போட்டிருந்தார். அறுபத்தொரு வயது மனிதர் கரி மூட்டுவதற்கு வெள்ளைச் சட்டை போடுகிறார் என்றால் விஷயம் கரி அல்ல என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

"மீன் கழுவியாச்சோ?"

"ரெண்டு ஒட்டி மீன். உப்பும் பூசி வைச்சிருக்கிறன்," என்றாள் பெர்னடெட். "இஞ்சேருங்கோ, நான் சட்டியிலை பொரிச்சுத் தாறன். கையோடை கொண்டுபோய் அண்ணையைப் பாத்திட்டு வாங்கோவன். அந்த மனுசன் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்குது."

"பொரிச்ச மீனை ஆரும் கொண்டுபோவினம்," என்றார் கனிசியஸ். "நான் கொண்டுபோறது வேறை."

ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அண்ணன் அடைக்கலநாதன் வயிற்றில் கட்டியோடு படுத்திருந்தார். கொழும்புக்குக் கொண்டுபோனால் ஏதாவது செய்யலாம் என்றார்கள். சண்டையில் தரைப்பாதை மூடிக்கிடந்ததால், கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடலை இருட்டோடு இருட்டாகக் கடக்க வேண்டும். நாற்பது வருஷம் கடலில் தொழில் செய்தவர், பயணியாக வள்ளத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரு வீட்டுக்கும் இடையில் நாற்பது எட்டுத் தூரம். அதைக் கடக்கத்தான் கனிசியஸுக்குப் பதினாலு வருஷம் போதவில்லை.

எல்லாம் இந்தச் சூட்டு வண்டிலால் வந்தது. மேலே இரும்புத் தொட்டி, அதன்மேல் கம்பித் தட்டு. கீழே நாலு சில்லு வைத்த தேக்கு வண்டில். தகப்பன் சந்தியோகர் அதைக் குருநகர் இறங்குதுறைக்குத் தள்ளிக்கொண்டுபோய் மீனும் கணவாயும் சுட்டு விற்றவர். கரைதட்டிய கப்பலின் கப்பித்தான் ஒருவன் உயிர்ப்பிச்சைக்கு நன்றியாகத் தந்தது என்று அவர் சொல்லுவார். பண்டகசாலை ஏலத்தில் எடுத்தது என்று அவருடைய பெட்டியில் கிடந்த துண்டுக்கடதாசி சொன்னது. ஊர் கப்பித்தானைத்தான் நம்பியது. அந்தப் புகை சோளகக் காற்றுக்கு எதிராகக்கூடப் போகும். ஒருமுறை அது மண்டைதீவில் கரையேற, அங்கே அப்போதுதான் பிறந்த குழந்தையொன்று முதல் அழுகையிலேயே "கணவாய்" என்று கேட்டது. அந்தக் குழந்தை இப்போது பாசையூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறது. விசாரித்தால் ஞாபகம் இல்லை என்கிறது.

சந்தியோகர் போனபிறகு வீடு, வளவு, வலை எல்லாம் சத்தமில்லாமல் பிரிபட்டன. வண்டிலில் வந்துதான் நின்றது. இருவருமே அதைக் கேட்டார்கள். மூன்று நாள் தலையிடித்த, உறுதி எழுதுகிற நொத்தாரிசு இராசநாயகம் கடைசியில் பகிடிக்கு எழுதினார்: மரப்பாகம் மூத்தவருக்கு, இரும்புப்பாகம் இளையவருக்கு. வாசித்ததும் இரண்டுபேரும் சிரித்துச் சமாதானமாவார்கள் என்று அவர் நினைத்தார். இரண்டுபேரும் சிரிக்காமல் கையெழுத்து வைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணனின் பாதியில் கோழி அடைகிடந்தது. தம்பியின் பாதியில் ஆடு தண்ணீர் குடித்தது. மற்றவன் வந்து கேட்கட்டும் என்று ஆளுக்காள் காத்திருந்தார்கள். கோவிலிலும் ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம்.

போன மாதம் அடைக்கலநாதனின் மகள் மக்டலீன் அந்த மரவண்டிலைத் தனியாகத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையால் வந்தாள். முப்பது வயதுப் பெண்; வண்டிலில் கோழி எச்சம் அப்படியே.

"அப்பு தந்துவிட்டவர், சித்தப்பா."

"என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கொண்டுபோய் அவனிட்டை விடு எண்டார்."

அவள் போனதும் பெர்னடெட் அழுதாள். "மனுசன் இறங்கி வந்திட்டுது. போங்கோ, இப்பவே போங்கோ."

கனிசியஸ் வண்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "இறங்கி வந்ததோ? எடியே, உனக்கு விளங்காது. தன்ரை பாதியைத் தூக்கித் தந்திட்டு அவர் பெரிய மனுசனாச் சாகப்போறார். நான் சின்ன மனுசனாக் கிடந்து சீவிக்கோணும். உது நடவாது. ரெண்டு பாதியையும் பொருத்தி, அப்பர் வைச்சிருந்த மாதிரியே ஆக்கி, அதிலை சுட்ட முதல் மீனை அவற்றை கட்டிலடிக்குக் கொண்டுபோவன். அதுக்குப் பிறகு பாப்பம், ஆர் பெரிய மனுசன் எண்டு."

"அதுமட்டும் அவர் இருப்பாரோ?"

"இருப்பார். எனக்கு விட்டுக்குடுக்க மாட்டார்."

கனிசியஸ் வள்ளம் கட்டுகிற ஓடாவி. கடலுக்குத் தடை வந்தபிறகு வள்ளம் கட்டச்சொல்லி ஒருவரும் வரவில்லை. கை தினவெடுத்துக் கிடந்தது. இருபத்தொரு நாள் விடிய ஆறு மணிக்குத் தட்டத் தொடங்குவார். செங்கல் தூளும் பழப்புளியும் போட்டுத் தொட்டியைத் தேய்த்தார். பதினாலு வருஷத் துரு உரிந்து உரிந்து, தொட்டியை விடத் துருதான் கூட இருந்ததோ என்று சந்தேகம் வந்தது. கம்பித் தட்டில் ஐந்து கம்பி இல்லை. ஷெல் விழுந்த வீடொன்றின் கொங்கிறீற்றில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியை வெட்டிவந்து போட்டார். ஒரு சில்லைப் புதிதாகவே கடைந்தார். இடையில் பெர்னடெட் கேட்பாள்:

"மனுசன் அங்கை மூச்சுக்கு இழுக்குது, நீங்கள் இஞ்சை சில்லுக்குக் கொழுப்புப் பூசுறியளோ?"

"சில்லுக் கிறீச்சிட்டா அண்ணை சிரிப்பார். அவற்றை வாய் உனக்குத் தெரியாது."

புதன்கிழமை, சாகக் கிடக்கிற அண்ணனுக்கு அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுத் திரும்பிய பாதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கனிசியஸ், ஒருக்கால் போய்ப் பாருமன்."

"இன்னும் ஒரு பூச்சுத்தான் பாதர். காய்ஞ்ச உடனை போறன்."

அந்தப் பூச்சு சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசுவது போல உள்ளும் புறமும் மூன்று முறை பூசினார். அதற்கு முன் இன்னொன்றும் செய்திருந்தார். இரும்புத் தொட்டி உட்காருகிற இடத்தில், தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே, சந்தியோகர் சுற்றிவர இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தார். ஓடாவியின் கண்ணுக்கு மரத்தில் இடைவெளி என்றால் அது ஓட்டை; ஓட்டை என்றால் உள்ளே கடல் வரும். அப்பர் மீன்காரர்தானே, மரவேலை அவருக்கு எங்கே தெரியும் என்று சொல்லிக்கொண்டு, கனிசியஸ் பஞ்சைத் திரித்து அந்த இடைவெளிக்குள் அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஒழுகவிட்டு, பூனைமயிர்கூடப் போகாதபடி இறுக்கிவிட்டார். அந்த வண்டிலைத் தண்ணீரில் இறக்கியிருந்தால் பருத்தித்துறை வரைக்கும் மிதந்து போயிருக்கும்.

இப்போது சிரட்டைக்கரியின் மேல் தணலைக் கொட்டி, பனையோலை விசிறியால் நாலு வீசு வீசினார். கரி பற்றியது. ஒட்டி இரண்டையும் கம்பியில் வைத்தார். தோல் சுருங்கி, நெய் சொட்டி, அந்த மணம் எழும்பியது. கனிசியஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் ஒரு வேலையைக் குறையில்லாமல் முடித்த மனிதனுக்குக் கிடைக்கிற சுகம் ஏறக்குறைய இரண்டு நிமிஷம் நீடித்தது.

முதலில் குங்கிலியம் மணத்தது. "ஆர் சாம்பிராணி போடுறது?" என்று கேட்டுக்கொண்டு பெர்னடெட் வெளியே வந்தாள். தொட்டிக்குக் கீழேயிருந்து ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப் பார்த்தது. அதன்பிறகு மூன்று பூச்சுச் சுறா எண்ணெயும் ஒன்றாகப் பற்றியது. கரும்புகை பனைக்கு மேலால் போனது. பக்கத்து வீடுகளில் ஷெல்தான் விழுந்துவிட்டது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள்.

"தண்ணி! தண்ணி ஊத்து!" என்று கத்திக்கொண்டே கனிசியஸ் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வண்டிலைக் காப்பாற்றப் பார்த்தாரோ, மீனைக் காப்பாற்றப் பார்த்தாரோ, அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. தொட்டி சரிந்து விழுந்தது. உள்ளங்கைத் தோல் இரும்பிலேயே தங்கிவிட்டது. பெர்னடெட் கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். தேக்கு அவ்வளவு லேசில் சாகிற மரமில்லை. ஆனால் அச்சும் இரண்டு சில்லும் தவிர மற்றதெல்லாம் கரிந்துபோயிற்று. ஈரச் சாம்பலில் ஒட்டி இரண்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

வாசல் படலையில் மக்டலீன் நின்றாள். தலைமயிர் அவிழ்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

கனிசியஸ் கையைப் பின்னால் மறைத்தார். "பிள்ளை, அப்புவுக்கு உதைச் சொல்லாதை. ஒரு கிழமை காணும். நான் திரும்பவும்—"

"சொல்லுறதுக்கு அப்பு இல்லை, சித்தப்பா," என்றாள் மக்டலீன்.

பிறகுதான் கோவில் மணி விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது.

கையில் தேங்காயெண்ணெய் பூசி, வாழைக்குருத்துச் சுற்றி, அதற்குமேல் பழைய வேட்டித் துணியால் பெர்னடெட் கட்டிவிட்டாள். இரண்டு கையும் இரண்டு பொட்டலமாக, கனிசியஸ் பதினாலு வருஷத்துக்குப் பிறகு நாற்பது எட்டு நடந்து அந்த வீட்டு வாசற்படியை மிதித்தார். முற்றத்தில் வாங்குகளில் இருந்த ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வின்சன்ற் என்கிற அயலவர் மட்டும் அடங்காமல் கேட்டார்:

"கனிசியஸண்ணை, காலமை உங்கடை பக்கம் புகை. நாங்கள் பங்கருக்கை ஒரு மணித்தியாலம். என்ன, மீன் சுட்டனீங்களோ?"

"ஓம்," என்றார் கனிசியஸ்.

உள்ளே அண்ணனை வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தியிருந்தார்கள். விரல்களில் செபமாலை. அவர் மெலிந்து போய்த் தகப்பனைப் போலவே ஆகியிருந்தார். கனிசியஸ் சொல்லவேண்டியதெல்லாம் இருபத்தொரு நாளாக மனதில் அடுக்கி வைத்திருந்தவர். மீனைக் கொடுத்துவிட்டு முதலில் என்ன சொல்வது, அதற்கு அண்ணை என்ன நக்கல் விடுவார், அதற்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பது வரை.

தலைமாட்டில் இருந்த அண்ணனின் மனைவி செபஸ்தியம்மா நிமிரவில்லை. பிணத்தின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"நேற்று ஏன் தட்டேல்லை?"

"ஆ?"

"ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்குத் தட்டுவியள். நேற்றுச் சத்தம் இல்லை."

"நேற்று… எண்ணெய் காயவிட்டனான், மச்சாள்."

செபஸ்தியம்மா துணியை மடித்தாள். "சத்தம் நிண்டிட்டுது, வேலை முடிஞ்சுது, இனி வருவான் எண்டார். தலையணி ரெண்டை வைச்சு நிமித்தி இருத்தச் சொன்னவர். சவரமும் எடுப்பிச்சவர். வாசலைப் பாத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் இருந்தவர்."

ஒரு பெண் ஒப்பாரியைத் தொடங்கினாள். கனிசியஸ் கட்டுப்போட்ட கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுவதுபோல இருந்தது.

ஐஸ் இல்லாத காலம். அன்று பின்னேரமே எடுத்தார்கள். பெட்டி தூக்க உடன்பிறந்தவர் முன்னால் வரவேண்டும். பிடிக்கக் கை இல்லை என்று அவரை விலக்கி, அந்த இடத்தில் வின்சன்ற் தோள் கொடுத்தார். கனிசியஸ் பெட்டிக்குப் பின்னால் நடந்தார். மண்டைதீவுப் பக்கம் இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. ஊர்வலம் நிற்கவில்லை, கொஞ்சம் வேகமாக நடந்தது, அவ்வளவுதான்.

சேமக்காலைக் குழியடியில் பாதர் செபத்தை முடித்து ஒதுங்கினார். செபஸ்தியம்மா ஒரு பிடி மண் போட்டாள். மக்டலீன் போட்டாள். அடுத்தது தம்பி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கனிசியஸ் குழியின் விளிம்பில் குந்தினார். துணிப் பொட்டலங்களால் மணலைக் கிள்ளப் பார்த்தார், வரவில்லை. இரண்டு முழங்கையையும் சேர்த்து வாரிப் பார்த்தார். கொஞ்சம் வந்தது. தூக்குவதற்குள் இடுக்கால் வழிந்து அவர் மடியிலேயே கொட்டியது. இன்னொருமுறை குனிந்தார்.

"ஏலாட்டி விடுங்கோ," என்றாள் செபஸ்தியம்மா. "ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

மண்வெட்டிக்காரர் முன்னுக்கு வந்தார்கள். மக்டலீன் சித்தப்பாவின் கக்கத்தில் கைகொடுத்து எழுப்பி, அவர் முழங்கைகளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கடற்காற்று அதைக் குழிக்குக் குறுக்கால் எடுத்து அந்தப் பக்கம் கொண்டுபோனது.