போதகர் வீட்டு ஏசி

மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு மணி வரை ஏசி போடக் கூடாது என்று மின்தட்டுப்பாட்டால் சமோவாவில் தடை வந்து மூன்று வாரம். தலைநகர் அபியாவில் மின்வாரியப் புகார் தொலைபேசியை எடுக்கும் தெலேசியாவின் காதில், அத்தனை வீட்டுப் பொறாமையும் வந்து விழுந்துகொண்டிருந்தது.

"எதிர்வீட்டான் பட்டப்பகல்ல லைட்டப் போட்டுட்டு அதுக்குக் கீழயே தூங்குறான்மா."

"லைட்டுக்குத் தடை இல்லைங்க."

"தூங்குறதுக்காவது தடை போடு!"

வெள்ளிக்கிழமை பேசிய லோசா மட்டும் கிசுகிசுத்தாள். தெலேசியாவின் ஊர்க்காரி.

"போதகர் வீட்டுல மத்தியானம் மூணு ஏசியும் ஓடுது. நாலு மணியானா எங்க கரண்ட் லைன் விழுந்துடுது. பிள்ளையோட மூச்சு மெஷின் நின்னுபோகுது. நேத்து உதடே நீலமாயிருச்சு. என் பேரு வெளிய வராதில்ல?"

"வராதுக்கா."

சொல்லியிருக்கக் கூடாது. கிராமத்துப் புகார் அந்த ஊர்ச்சபைக்குத்தான் போகும். போன வாரம் ஒரு கடைக்காரர் மேல் வந்த புகாரைப் பெயரோடு அனுப்பினாள். சபையில் உரக்க வாசித்தார்கள். புகார் சொன்ன வீட்டுக்கு ஒரு பன்றி அபராதம். கடைக்காரருக்கு ஒன்றுமில்லை.

லோசாவின் பெயரை விட்டுவிட்டு அவள் எழுதிய புகார்த் தாளை மேலாளர் இயோனா தள்ளிவிட்டார். "பேரு இல்லாத தாளச் சபை தொடாது."

"பிள்ளை சாகட்டுமா சார்?"

"அவரு ஊரே கும்பிடுற போதகர்மா! உங்கப்பாவே அந்தச் சபையில உட்கார்றவரு. கிழிச்சுப் போட்டுட்டு ஒரு கோகோ குடி."

பன்றி வளர்த்து விற்றுத்தான் அப்பா அவளைப் படிக்க வைத்தார். அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டம் வாங்கியது புகாரைக் கிழிப்பதற்கா? புகார்தாரர் என்ற இடத்தில் தன் பெயரையே அழுத்தி எழுதினாள். பேனா தாளைக் கீறிவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர்ப்பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை சபை கூடும் நாள். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். எல்லாம் யாரோ, எவரோ. பதினொன்றரைக்கு அப்பா.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

"சொன்னா தடுத்திருப்பீங்க."

"ஆமா, தடுத்திருப்பேன். நம்ம பேர வாசிக்கிறாங்க, நான் தரையில விரிச்ச பாயப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். ரெண்டு பன்னி அபராதம்."

"ஏசி?"

"அதப் பத்தி யாரும் பேசல."

அவள் தொலைபேசியை அறைந்து வைக்கப் போனாள்.

"இரு. சபை முடிஞ்சதும் பெரியவங்க நாலு பேர் போதகரப் பார்க்கப் போனாங்க. குளிர் உங்க உடம்புக்கு ஆகாதே ஐயா, மத்தியானத்துல ஜன்னலத் திறந்து வைங்கன்னாங்க. ஏசிய அணைச்சுட்டுத் திறந்துட்டாரு."

"அவர் செஞ்சது தப்புன்னு ஒருத்தரும் சொல்லல?"

"சொல்லல."

"அப்போ எனக்கு எதுக்குப் பன்னி?"

"நீ சொன்னியே, அதுக்கு."

நாலு மணி தாண்டியது. நாலேகாலுக்கு லோசா. "லைன் விழல தெலேசியா. மெஷின் ஓடுது." பின்னால் அந்த இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. தெலேசியா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆத்திரம் மட்டும் இறங்கவில்லை.