பழுப்புப் பம்பு

கதிர்காமம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இளைப்புக்கு மருந்து இழுக்கும் இரண்டு பம்பையும் மேசைமேல் வைத்து, என் மகள் ஹனீனுக்கே புரியும்படி சொன்னார். பழுப்பு தினமும் காலை, மாலை. உடனே ஒன்றும் தெரியாது, ஆனால் இளைப்பு வராமல் காக்கும். நீலம் மூச்சு முட்டும்போது மட்டும். "நீலத்த அடிக்கடி தேடுனீங்கன்னா, பிரவுன ஒழுங்கா போடலன்னு அர்த்தம்." சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பிக்கொண்டது நாங்கள்தான்.

என் வீட்டுக்காரர் அப்துல் கையூம் நெல்லித்தோப்பில் மிக்ஸி பழுது பார்ப்பவர். சுவிட்சைப் போட்டதும் சுற்றினால் நல்ல மோட்டார், சுற்றாவிட்டால் உள்ளே காயில் எரிந்துபோச்சு. மகளின் நெஞ்சையும் அப்படித்தான் பார்த்தார். நீலத்தை இழுத்தால் ஐந்து நிமிடத்தில் இளைப்பு அடங்கியது. பழுப்பை மூன்று வாரம் இழுத்தும் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"இது டம்மி, ஜீனத்து. ஸ்டீராய்டு வேறயாம், புள்ள வளராதுன்றாங்க. வேலை செய்யறத வச்சிக்க, போதும்."

நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. தினமும் பம்பில் குழலை மாட்டி, இழுக்க வைத்து, வாய் கொப்பளிக்க வைக்கும் வேலை ஒன்று குறைந்ததே என்று நிம்மதிதான் அடைந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பழுப்பு அலமாரிக்குள் போயிற்று.

மூன்று மாதம் கழித்து ரமலான் வந்தது. ஒன்பது வயது ஹனீன் முதல் நோன்பு வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளிவாசல் ஹஜ்ரத், "சின்னப் புள்ளைக்குக் கடமையே இல்ல. இளைப்பு வேற இருக்கு, வேணாம்" என்றார். கேட்டோமா? கையூம் சாரம் பகுதியிலிருந்து தன் அக்கா வீட்டாரையெல்லாம் நோன்பு திறக்க அழைத்துவிட்டார். ஜரிகைப் பாவாடை தைத்தாயிற்று, பூமாலைக்கும் சொல்லியாயிற்று. பிள்ளையைவிட எங்கள் பெருமைக்குத்தான் பசி அதிகம்.

விடியுமுன் சஹர் சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"அம்மா, பம்பு போட்டா நோன்பு முறிஞ்சிடுமா?"

"முறிஞ்சிடும். இப்பவே நீலத்த ரெண்டு இழுப்பு இழுத்துக்க, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

எந்த டாக்டர் சொன்னார் எனக்கு அப்படி? நானாகச் சொன்னேன்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்தது. ஹனீன் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள எவ்ளோ அடக்கமா இருக்குது பாரு" என்றார் நாத்தனார், ஹனீனின் மாமி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையைச் சரிசெய்யக் கிட்டே போனபோதுதான் பார்த்தேன். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போயிற்று. உதடு கறுத்திருந்தது. பேச முடியாமல்தான் பேசாமல் இருந்திருக்கிறாள்.

நீலத்தை வாயில் வைத்தேன். தலையை ஆட்டி மறுத்து, விரலால் ஜன்னலைக் காட்டினாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. கையூம் அவள் தாடையைப் பிடித்துத் திறந்து பம்பை அமுக்கினார். ஒன்று, இரண்டு, ஆறு. இந்த முறை எதுவும் அடங்கவில்லை. மாலையோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினோம்.

அதே டாக்டரம்மா. ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டுவிட்டுத் திரும்பினார். "பிரவுன் எத்தன நாளா போடல?"

"மூணு மாசம்" என்று நான்தான் சொன்னேன். டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் முகமூடியைக் கழற்றினார்கள். கையூம் அலமாரியிலிருந்து தேடி எடுத்த பழுப்புப் பம்போடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஹனீன் அவரைப் பார்த்ததும் அவசரமாக என் கையைப் பிடித்தாள்.

"நான் முறிக்கலம்மா. அத்தாதான் வாயத் தொறந்து அமுக்குனாங்க. மாமிகிட்ட சொல்லிடு."

மூச்சு நிற்பதைவிட எங்கள் முகம் சுருங்குவதற்குத்தான் என் பிள்ளை அதிகம் பயந்திருக்கிறாள்.