மாதுளைத் தோல் முகத்தாள்

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஃபேனுக்கு அடியில் இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். குமட்டுகிற கதை ஒன்று சொல்லப்போகிறேன். கையில் தின்பண்டம் இருந்தால் முதலில் தின்று முடித்துவிடுங்கள்.

இரண்டாயிரத்து ஆறில், சென்னை கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டிய ஒரு ஷெட்டில் முகத்தாள், அதாவது முகத்தில் ஒட்டுகிற அழகுத் தாள், செய்தார்கள். மரவள்ளி மாவையும் மாதுளைத் தோல் கஷாயத்தையும் சேர்த்துக் காய்ச்சி, கண்ணாடிப் பலகையில் ஊற்றிக் காயவைத்து உரித்தால், மெல்லிசாக ஒரு தாள் வரும். ஈர முகத்தில் ஒட்டிக்கொண்டால் கரைந்து ஊறும். மிச்சத்தை மண்ணில் போட்டால் மக்கிவிடும். பிளாஸ்டிக்கே கிடையாது. மாதுளைத் தோலில் இருக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் முகத்தை வாடவிடாது என்று முதலாளி சுப்புராஜ் அண்ணாச்சி நோட்டீஸ் அடித்திருந்தார். சுத்தமாகச் செய்தால் நல்ல சரக்குதான்.

தாள் உரிக்கிற கை கெங்கம்மாவுடையது. வியாசர்பாடியிலிருந்து நடந்தே வருவாள். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குமிழி இருந்தால் ஒதுக்குவாள். மூன்று வருடமாகத் தினக்கூலி. அடுத்த பெரிய ஆர்டர் கிடைத்தால் வேலை நிரந்தரம் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாரம் ஜூஸ் கடைகளிலிருந்து வந்த தோல் மூட்டையை அவிழ்த்தாள். கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தது. அரிசி அரிசியாய்ப் புழு நெளிந்தது. நாற்றம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, ஒரே கலீஜா கீது. எலி வேற கழிஞ்சி வச்சிகீது. தூக்கிப் போட்டுர்லாம்."

"கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும்லா! அடுப்பப் பத்த வை."

"செத்தா மட்டும் மல்லிப்பூவாட்டம் மணக்குமா?"

சொன்னாளே தவிர, காய்ச்சினாள். கிழிந்த துணியில் வடிகட்டினாள். அன்று சோறு இறங்கவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் கையில் அதே நாற்றம்.

வெள்ளிக்கிழமை, பெரிய ஆர்டர் கொடுக்குமுன் சரக்கைப் பார்க்க, அழகுப் பொருள் கம்பெனியிலிருந்து ஷிஜி மேடம் வந்தார். அண்ணாச்சி கெங்கம்மாவிடம் ஒரு தாளை நீட்டினார். "இந்தப் புள்ள முகத்துலயே ஒட்டிக் காட்டச் சொல்லுதேன், பாருங்க."

கெங்கம்மாவின் கை, பழக்கத்தில், தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கியது. உள்ளே ஓர் ஈயின் இறக்கை. பக்கத்தில் வெள்ளையாய் வளைந்து ஒரு புழு. கண்ணை மூடி ஒட்டிக்கொண்டால் வேலை நிரந்தரம்.

"என்னங்க அது, உள்ள?" என்றார் ஷிஜி.

"மூலிகை நார், மேடம்," என்றார் அண்ணாச்சி.

"அப்டியா?" என்றாள் கெங்கம்மா. "அப்போ மொதல்ல உங்க மூஞ்சிக்கு, அண்ணாச்சி. அடுப்புச் சூட்டுல நீங்கதான் வாடிப்போய் கீறீங்க."

தாளை ஏந்திக்கொண்டு அவர் பக்கம் போனாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "ச்சீ! கிட்ட கொண்டாராத!"

அந்த ஒரு 'ச்சீ' போதும். ஷிஜி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நிரந்தர வேலையும் அவரோடு வாசல் தாண்டியது. அண்ணாச்சி கத்தித் தீர்ப்பதற்குள் கெங்கம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். வாந்தி எடுத்தாள். விரல்களை மண் போட்டுத் தேய்த்தாள். முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, வேலை கேட்டுத் தண்டையார்பேட்டைப் பக்கம் நடந்தாள்.

கண்ணுங்களா, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் முகத்தில் எதைப் பூசினாலும், அது, விற்றவனும் தன் முகத்தில் பூசிக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வரட்டும், தட்டில் போட்ட சோறு குமட்டாமல் இறங்கட்டும். வீட்டோடு எல்லாரும் நல்லா இருங்க.