சொல்லாமல் விட்ட ஆமென்

பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக என் தம்பி வெள்ளிக்கிழமைதோறும் முழங்காலில் நின்று அழுது ஜெபித்தான். அந்தச் சகோதரி அவன் மனைவிதான். சபையில் ஒருவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அவனுக்கும் தெரியாது.

நான் அவனுடைய அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்தவர் குரலைக் கேட்டுக் கேட்டு, முகத்தைவிடக் குரலை நம்பப் பழகியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். சபைக் கட்டடத்தின் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு சன்னல். பக்தியில் நான் அரைகுறை. தம்பி நீளமாக ஜெபிக்க ஆரம்பித்தால் எனக்கு அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால்தான் ஞாபகம் வரும்.

தம்பி பாஸ்டர். அவன் மனைவி நர்ஸ். நான் அவளை "நர்ஸம்மா" என்பேன், அவள் என்னை "அண்ணி" என்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைக்குப் பதிலாக ஒரு தீவு இருந்தது என்று சொல்லலாம். கடலுக்கு அந்தப் பக்கம், படகில்தான் போக வேண்டும். அங்கே டாக்டரும் இல்லை, சபையும் இல்லை. அங்கே போய் ஊழியம் செய்ய வேண்டும் என்று இருவரும் வருஷக்கணக்காக மிஷன் சங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சங்கம் சரி என்றது. புறப்படும் முன் சங்கத்து டாக்டர் இருவரையும் பரிசோதிப்பார், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இருவரும் நிற்க வேண்டியதுதான். நர்ஸம்மா அன்றைக்கே பரணிலிருந்து தன் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். பிரசவம் பார்க்கும் சாமான்களையும், பிறக்கப்போகும் யார் யார் குழந்தைகளுக்கோ பின்னி வைத்த கம்பளித் தொப்பிகளையும் அதில் அடுக்கினாள்.

என் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல் மனசுக்காரன் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஊரில் எவனுக்குக் காய்ச்சல் என்றாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். ஆனால் அந்தத் தட்டைக் கழுவுகிறவள் முகம் வாடியிருக்கிறதா என்று பார்க்க அவனுக்கு நேரம் இல்லை. "கை வலிக்குதுங்க" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆண்டவர் பார்த்துப்பாரும்மா" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிவிட்டான். ஆண்டவருக்கு எத்தனை வேலையைத்தான் இவன் தள்ளிவிடுவான் என்று நான் முணுமுணுத்தேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை காலை உபவாச ஜெபம். வெளியில் சொல்லக் கூச்சப்படும் கஷ்டங்களைப் பெண்கள் ஜெபக்கார அம்மாவின் காதில் சொல்வார்கள். அந்தம்மா எழுந்து நின்று, "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி" என்று ஆரம்பித்துக் கஷ்டத்தை மட்டும் சபைக்குச் சொல்வார். யார் என்று அந்தம்மா சொல்லக் கூடாது, பாஸ்டரும் கேட்கக் கூடாது. பெயர் தெரிந்தால் ஊர் வாய் திறக்கும், பெயர் தெரியாவிட்டால் கடவுள் காது திறக்கும் என்று இதற்கு ஒரு விளக்கம் வேறு. வழக்கத்தை ஏற்படுத்தியவனும் விளக்கம் சொன்னவனும் என் தம்பியேதான்.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கார அம்மா எழுந்து, "ஒரு சகோதரிக்கு நெஞ்சில கட்டி. வீட்டுக்காரர்கிட்ட சொல்ல முடியாத நிலைமை" என்றார். அவ்வளவுதான், பெண்கள் பகுதியில் புருஷனைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். சொல்ல முடியாத நிலைமை என்றால் குடிகாரனாக இருக்க வேண்டும், அடிக்கிறவனாக இருக்க வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் பழி எங்கள் சபைத் தையல்காரர் தலையில் விழுந்தது. பாவம், அந்த மனுஷன் செய்த குற்றம் எப்போதும் உம்மென்று இருப்பதுதான். அவர் மனைவிக்குத் திடீரென்று பாலும் ரொட்டியும் பழமும் வர ஆரம்பித்தன. அவளும் எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டுக் கொஞ்சம் சதை போட்டாள். ஜெபம் பலிக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

என் தம்பி அந்தச் சகோதரிக்காக உருகினான். சட்டை நனைய அழுதான். மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நர்ஸம்மா ஒவ்வொரு வரிக்கும் ஆமென் சொன்னாள். மெல்லிய குரல், ஆனால் தெளிவாக இருக்கும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. "அந்தச் சகோதரிக்கு இப்ப வலது கையும் வீங்குது. வீட்ல இன்னும் சொல்லல" என்றார் ஜெபக்கார அம்மா. சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. தம்பி முழங்காலிட்டான்.

"ஆண்டவரே, அந்தச் சகோதரியின் சரீரத்தைத் தொடும்."

ஆமென் என்றது சபை. ஆமென் என்றாள் நர்ஸம்மா.

"அவளுக்குப் பெலன் தாரும்."

ஆமென். ஆமென்.

"பக்கத்திலேயே இருந்தும் அவள் வேதனையைப் பார்க்காத அந்தக் கணவனுடைய கண்களைத் திறந்தருளும். அவன் இருதயத்தை உடைத்து உணர்த்தும், ஆண்டவரே!"

கூரை அதிர ஆமென் எழுந்தது. தையல்காரர் மனைவிகூட உரக்கச் சொன்னாள். என் பக்கத்திலிருந்து மட்டும் குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். தண்ணீர்ப் பாத்திரத்தை இடது கையால் அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா, நீ ஏன் ஆமென் சொல்லல?"

"எல்லாத்துக்கும் சொன்னேனே அண்ணி."

"புருஷன் கண்ணைத் திறக்கணும்னு சொன்னப்போ சொல்லல. எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அவரு நல்ல மனுஷன் அண்ணி" என்றாள். "அதுக்குப் போய் நான் எப்படி ஆமென் சொல்றது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நீ நர்ஸுடி! கட்டின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் ஜெபம் கேட்டேன்."

"டாக்டரைக் கேக்கணும்னு தோணலையா?"

"டாக்டர்கிட்ட போனா சங்கத்துக்குத் தெரிஞ்சுடும். பயணம் நின்னுடும். இது அவரோட அழைப்பு மட்டும் இல்ல அண்ணி, எனக்கும்தான். அங்க பிரசவம் பார்க்க ஆள் இல்லாம பொண்ணுங்க செத்துப்போறாங்க. பரிசோதனைக்கு முன்னாடி ஆண்டவர் இதைக் கரைச்சுடுவாருன்னு நம்பினேன்."

"உன்னைச் சாகச் சொல்லி அவரு கேட்டாரா? எங்கிட்ட சொல்லு, எப்பக் கேட்டாரு?"

யாரோ திருடிவிடுவார்கள் என்பதுபோல் அவள் மெல்லச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை அவர் எனக்காக அழறாரு அண்ணி. வீட்ல எங்கிட்ட உக்காந்து அவ்வளவு நேரம் பேசினதே இல்ல. அதைக் கேட்டுட்டு வந்தா அந்த வாரத்தை ஓட்டிடலாம்போல இருந்துச்சு."

அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. "தீவுக்குப் போற வரைக்கும் அவர்கிட்ட சொல்லாதீங்க அண்ணி" என்று அவள் பின்னாலிருந்து கெஞ்சினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளைச் சுற்றி ஏற்கெனவே போதுமான அளவு மௌனம் இருந்தது.

தம்பி சபையின் பக்கத்து அறையில் தீவுக்குக் கொண்டுபோகும் புத்தகங்களை மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், அந்தச் சகோதரி யாருன்னு உனக்குச் சொல்லப் போறேன்."

"வேண்டாம்க்கா. வழக்கம் இருக்கு."

"வழக்கத்தைக் கொண்டுபோய் உடைப்பில போடு. அது உன் பொண்டாட்டி."

அவனுக்குப் புரியவே இல்லை. நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துப் பாதி சிரித்தான். "அவளுக்கென்னக்கா, நல்லாத்தானே இருக்கா?"

"கடைசியா அவ கையை எப்பப் பார்த்த?"

கையிலிருந்த புத்தகங்களைக் கீழே போட்டான். மரப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்தான். "அந்தப் புருஷனைப் பத்தி நான் என்னென்ன சொல்லி ஜெபிச்சேன்..."

"அதுக்கு மட்டும் அவ ஆமென் சொல்லல" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. என் தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். எங்கள் அப்பா இறந்தபோதுகூட அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, வழியில் கிடந்த புத்தகங்களை மிதித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில், "நீங்களே நர்ஸ், முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். புற்று நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. பாஸ்டர் மனைவிக்கு நுரையீரலில் வியாதி என்றுதான் சபைக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கொடுமைக்காரனின் மனைவியோடு இவளை யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? ஜெபக்கார அம்மாவிடம் நான் போய்க் கத்தினேன். "டாக்டர்கிட்ட போ, போன்னு ஒவ்வொரு வாரமும் அவ காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன்" என்று அந்தம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

தம்பி படுக்கைப் பக்கத்திலிருந்து அசையவில்லை. தலை வாரிவிட்டான். வீங்கிய கையைத் தலையணைமேல் தூக்கி வைத்து விரல் விரலாகத் தடவிக்கொடுத்தான்.

"உங்களைத் தேடி யாரும் வரலையா?" என்று அவள் கேட்டாள்.

"வந்தாங்க. எங்க வீட்லயே ஆள் படுத்திருக்காங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாவிப்பெண், அதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள்போல.

"எனக்கு ஜெபம் பண்ணுங்க" என்றாள். "வெள்ளிக்கிழமை பண்ணுவீங்களே, அந்த மாதிரி."

அவன் முழங்காலிட்டான். "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் சரீரத்தை..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும்வரை நான் முதுகைத் தடவினேன். "சகோதரியா? நான் உங்க பொண்டாட்டிங்க" என்றாள்.

அவன் தலையைக் கட்டில் சட்டத்தில் சாய்த்துக்கொண்டான். "இவளை எங்கிட்டருந்து எடுத்துக்காதீங்க" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. சபைத் தமிழை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல் கடவுளிடம் அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஆமென் என்றாள். அரைகுறை பக்திக்காரி நானும் மனசாரச் சொன்னேன். கேட்கப்படவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீர்ந்ததாகப் பாசாங்கு செய்யவும் மாட்டேன்.

இறந்துபோவதற்கு முன்தினம் மதியம் அவள் சொன்னாள். "நீங்க தீவுக்குப் போகணும். என் பெட்டியை எடுத்துட்டுப் போங்க. சங்கத்துல கேட்டு ஒரு நர்ஸைக் கூட்டிட்டுப் போங்க." அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "எனக்காக இல்லைங்க. அங்க ஒருத்தி வலியோட படுத்திருப்பா. போய் அவ வீட்டுக்காரன்கிட்ட, அவ பக்கத்துல உக்காருடான்னு சொல்லுங்க" என்றாள்.

அதனால்தான் போனான். வழியனுப்பும் ஆராதனையில் சபை நிரம்பியிருந்தது. சங்கம் தேர்ந்தெடுத்த ஒரு நர்ஸ் தன் அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பீடத்துக்குப் பக்கத்தில் புத்தகப் பெட்டி, அதன்மேல் நர்ஸம்மாவின் தகரப் பெட்டி. மூன்றாவது வரிசையில் என் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஆராதனை முடிந்து, எல்லோரும் வரிசையாக வந்து என் தம்பியின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் அவன் பக்கத்தில் நின்றேன்.

கடைசி வரிசையில் எப்போதும் உட்காரும் சலவைக்கார அம்மா, முழங்கால் வலியோடு மெதுவாக வந்து சேர்ந்தார்.

"ஐயா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நெஞ்சில கட்டின்னு ஒரு சகோதரிக்காக ஜெபிச்சோமே, அவங்க எப்படி இருக்காங்க? அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லவே இல்ல. நான் இன்னும் வீட்ல தினம் ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்களுக்கு இப்ப வலி இல்லம்மா" என்றான்.

"ஸ்தோத்திரம்!" அந்தம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "அந்த வீட்டுக்காரர் இருக்காரே, அவருக்குக் கண்ணு திறந்துச்சா ஐயா?"

என் தம்பி அந்தச் சுருங்கிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"திறந்துடுச்சும்மா."

"ஆமென்!" என்றார் அந்தம்மா, சபையே திரும்பிப் பார்க்கும்படி.