மார்ச் முப்பது

ஷெட்டின் மூலையில் இருந்த கணினியில் எப்போதும் மார்ச் மாதம்தான். வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது. அதன் திரையில் 2016 மார்ச் பன்னிரண்டு, சனிக்கிழமை. முப்பதாம் தேதி ஆனதும் ஹேமநாத் அதை ஒன்றாம் தேதிக்குத் திருப்பிவிடுவான். உண்மைத் தேதி உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்று இணையக் கம்பியையும் பிடுங்கி வைத்திருந்தான்.

காரணம், கம்பைலர். எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருகிற மென்பொருள். கல்லூரியைப் பாதியில் விட்ட வருஷம் அவன் கற்றுக்கொண்ட மொழிக்கு ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனம்தான் கம்பைலர் விற்றது. விலை நாலரை லட்சம். முப்பது நாள் சோதனைப் பதிப்பு இலவசம். அந்த முப்பது நாளுக்குள்ளேயே எட்டு வருஷம் இருந்துவிட்டான்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருந்த அந்த ஷெட்டில் ஐஸ் ஃபேக்டரிகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்தார்கள். விற்ற பலகைகளின் நிரலெல்லாம் சி மொழியில் எழுதியவை. அதன் கம்பைலர் சும்மா கிடைத்தது. ஹேமநாத்தின் மொழி அந்த மூலையைத் தாண்டியதில்லை. இந்த வருஷம்தான் முதலாளி பூவராகன், கோவளத்தில் ஒரு ஃபேக்டரியில் அவன் பலகையை மாட்டிப் பார்க்க விட்டார். மூன்று மாதம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பலகைகளை வாங்கப்போகும் கம்பெனியின் இன்ஜினியர் ஷர்மிளா இன்று வருகிறாள். அவள் சரியென்றால் பதினெட்டு ஃபேக்டரிகளில் அவன் மொழி ஓடும்.

"இன்னா மச்சான், அங்க வெயில் கீதா?" என்றான் சால்டரிங் போடும் ஷெர்வின். "நாங்க இங்க நனைஞ்சிகினு கீறோம்."

"நல்லா காயுது."

ஷர்மிளா குடையை மடக்கிவிட்டு நேராக நிரலைப் படித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். "படிச்சாலே புரியுது. எங்க ஆளுங்க எழுதுறது எனக்கே புரியாது," என்றாள். "என் முன்னாடி ஒரு தடவை பில்ட் பண்ணுங்க."

கம்பைலரை ஓட்டினான். இயந்திரத்துக்கான கோப்பு வந்தது.

"தேதி ஏன் 2016?"

ஷெர்வின் இருமினான். ஹேமநாத் உள்ளதைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நீங்க இல்ல, இந்த சிஸ்டமும் இல்ல. ஒரு வரி மாத்தணும்னா நான் யார்கிட்ட போறது?"

"வாங்கிட்டா போச்சு," என்றார் பூவராகன். "பதினெட்டு ஃபேக்டரிமா. ஹேமு, எழுதிப் போடுப்பா அந்த கம்பைலர்காரனுக்கு."

வாங்குவது என்பது எட்டு வருஷமாக யாரும் சொல்லாத வார்த்தை. அன்று ரயிலில் தாம்பரம் திரும்பும்போது கண் அசந்தது. கனவில் வண்டி பொத்தேரியில் நின்றது. கிளம்பி மறுபடியும் பொத்தேரியிலேயே நின்றது. நடைமேடை முழுக்க மார்ச் மாத வெயில். இறங்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும்தான்.

பதில் நான்கு நாளில் வந்தது. இரண்டே வரி. அந்தப் பொருளின் விற்பனை சென்ற ஆண்டோடு நிறுத்தப்பட்டது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

"சி-ல எழுதிக் குடுங்க," என்றாள் ஷர்மிளா போனில். "ஆர்டர் உங்களுக்குத்தான். உங்க லாஜிக் அப்படியே இருக்கட்டும்."

வேறு கணினியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். அவன் மொழியில் மூன்று வரியில் முடிந்தது இங்கே இருபது வரி ஆனது. மூலையில் மார்ச் முப்பது வந்தது. தேதியைத் திருப்ப அவன் எழுந்து போகவில்லை. மறுநாள் போய்க் கம்பைலரைத் திறந்தான். சோதனைக் காலம் முடிந்தது, வாங்க விரும்புகிறீர்களா என்று கேட்டது. 'ஆம்' என்பதை அழுத்தினான். வெள்ளையாக ஒரு பக்கம் திறந்து, இல்லாத இணையத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தான்.

அடுத்த நாள் காலை டீயோடு வந்த ஷெர்வின் அந்தத் திரையின் முன்னால் நின்றான்.

"மச்சான், ஏப்ரல் வந்துட்ச்சு."

"வரட்டும்," என்ற ஹேமநாத், சி மொழி ஒவ்வொரு வரி முடிவிலும் கேட்கிற, முந்தின வரியில் விட்டுப்போயிருந்த அரைப்புள்ளியைப் போட்டான்.