தரைத்தள உரிமையாளர்

சொந்த வீடு உள்ள மனிதன் யாருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, 'இது என் தரை, இது என் கூரை' என்று உலகத்தைப் பார்த்துச் சொல்லலாம். மனிதகுலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து பாடுபட்டதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

இதைச் சொன்னபோது லிஃப்ட் மெக்கானிக் ஒரு ஜவுளிக்கடையின் லிஃப்ட் குழிக்குள் முழங்காலிட்டு, யாரோ தவறவிட்ட சீப்பையும் காய்ந்துபோன வாழைப்பழத் தோலையும் கையால் வாரி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கூரைக்கு மேல இன்னும் நாலு குடும்பம் நடக்குதே மாப்ள," என்றார் மேலே நின்று டார்ச் பிடித்த கூட்டாளி. "அவங்களுக்கு அது தரை. உனக்கு மட்டும் எப்படிக் கூரையாவும்?"

கூட்டாளிக்குக் கம்பெனியில் கிரீஸ் என்று பெயர். எந்தச் சட்டை போட்டாலும் மதியத்துக்குள் அது கிரீஸ் நிறத்துக்கு வந்துவிடும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, மூன்று பேரோடு ஒரே அறையில் படுத்துத் தூங்குகிறவர். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர்தான் போக வேண்டும். இந்த இரண்டு பேரும் பத்தொன்பது வருடமாக ஒன்றாகப் போகிறார்கள்.

"பொறாமை," என்றார் மெக்கானிக்.

"சரிங்க ஓனர். வாளியைக் கொடுங்க ஓனர்."

வீடு வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐந்து தளக் கட்டடத்தில் தரைத்தளம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய சமையலறை. தரைத்தளம் விலை குறைவு. அதோடு, லிஃப்ட் செலவில் தனக்குப் பங்கு கிடையாது என்று மெக்கானிக் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். தொழில் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது. வங்கி அதிகாரியும் தன் பங்குக்கு மேசையில் தட்டிச் சொல்லியிருந்தார்: "வாடகையா போற பணம் தவணையா போகட்டும். வீடு உங்களுது. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' மெக்கானிக்குக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கதவின் கீழே ஒரு கவர் நுழைந்தது. 'அன்பிற்குரிய சக உரிமையாளருக்கு' என்று தொடங்கியிருந்தது. மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு அவள் வாயாலும் படிக்கச் சொன்னார். அவள் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். எதையும் கடைசி முனை வரை பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவள் அடுத்த வரிக்கும் போனாள்.

"பொதுப் பராமரிப்பு."

"அது தெரியும். சின்னத் தொகை."

"சின்னதுன்னு யாரு சொன்னது?"

"வித்தவர்."

அவள் தொகையைப் படித்தாள். மெக்கானிக் கைவிரலால் காதைக் குடைந்துகொண்டார்.

"தண்ணி லாரி. ஜெனரேட்டர் டீசல். கட்டடக் காப்பீடு. எதிர்கால நிதி."

"எதிர்கால நிதின்னா என்ன?"

"பின்னாடி என்ன உடையும்னு இப்ப தெரியாதாம். ஆனா அதுக்கு இப்பவே கொடுத்துடணுமாம்." அவள் தாளைத் திருப்பினாள். "லிஃப்ட் பராமரிப்பு."

"வேற வீட்டுக் கவரை மாத்திப் போட்டுட்டாங்க. நம்பரைப் பாரு."

நம்பர் அவர்கள் வீட்டு நம்பர்தான்.

"எல்லாம் சேர்ந்து பழைய வாடகையில பாதிக்கு மேல வருதுங்க."

"வருஷத்துக்கா?"

"'மாதந்தோறும்'னு போட்டு, அடியில கோடும் கிழிச்சிருக்காங்க."

ஓடுகிற லிஃப்ட் சட்டென்று ஒரு அடி இறங்கி நின்றால் உள்ளே இருப்பவர்களின் முகம் எப்படிப் போகும் என்று மெக்கானிக் பத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறார். அந்த முகம் இப்போது தன் கழுத்துக்கு மேல் இருக்கிறது என்பதை மனைவியின் பார்வையிலிருந்து தெரிந்துகொண்டார்.

சங்கச் செயலாளர் மூன்றாம் தளத்தில் இருந்தார். ஏதோ ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு பனியனுக்குப் பை இல்லாத குறையை, இரண்டு பேனாக்களைக் கழுத்துப் பக்கம் செருகிச் சரிசெய்திருந்தார். மெக்கானிக் படியேறிப் போய், மூச்சிரைக்க நின்றார்.

"சார், நாங்க கீழ் வீடு. லிஃப்ட்ல காலே வைக்கறதில்ல."

"மொட்டை மாடிக்குப் போவீங்களே?"

"போறதில்ல சார்."

"போகலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்கு. நாங்க வாங்கறது உரிமைக்கான கட்டணம்தானே தவிர, ஏறினதுக்கான கட்டணம் இல்ல." செயலாளர் கனிவாகச் சிரித்தார். "வாடகைக்கு இருந்தப்ப இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. படிப்படியா பழகிடும். ஏன் நடந்து வந்தீங்க? லிஃப்ட்ல வர வேண்டியதுதானே?"

கீழே வந்ததும் மெக்கானிக் சகலைக்குப் போன் போட்டார். மனைவியின் தங்கை புருஷன் நான்கு வருடத்துக்கு முன்பே வீடு வாங்கியவர். 'எவ்வளவு நாள்தான் அடுத்தவன் வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கப் பயந்துகிட்டு இருப்பீங்க?' என்று கேட்டுக் கேட்டே இவரை வாங்க வைத்தவரும் அவர்தான்.

"ஆமா, அதெல்லாம் உண்டு," என்றார் சகலை. "இன்னும் வீட்டு வரி வரல இல்ல? வரும்."

"ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?"

"நாங்க வாங்கினப்ப எங்ககிட்ட யாரு சொன்னா?"

மெக்கானிக் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "உங்க வீட்டுல நாலு வருஷமா ஏசி ரிப்பேர்னு சொன்னீங்களே?" என்று கேட்டார்.

"ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் சகலை.

அந்த வாரம் வரவேண்டிய வீட்டு வரியும் வந்தது. மனைவி ஓட்டலில் இன்னொரு ஷிப்ட் கேட்டு வாங்கினாள். காலையில் விரிப்பு, மாலையில் துண்டு. வீட்டுக்கு வந்ததும் கைவிரல்களைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எல்லாம் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சா சரியாயிடும்," என்பார் மெக்கானிக். "யாரு பல்லை?" என்பாள் அவள். இதற்குமேல் ஒரு ரூபாய் கூடினாலும் வங்கித் தவணை நின்றுபோகும், தவணை நின்றால் வீடு போகும் என்பது இருவருக்கும் தெரியும். அதை மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாகனம் நிறுத்துமிடத்தில், கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லிஃப்ட்டின் ரோப்பையும் கன்ட்ரோல் போர்டையும் உடனடியாக மாற்றியாக வேண்டும் என்று கம்பெனி அறிக்கை கொடுத்திருப்பதாக அறிவித்தார். ஒரு வீட்டுக்கு விழும் பங்கு மெக்கானிக்கின் மூன்று மாதச் சம்பளம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மூன்று வருடம் மாதாமாதம் வட்டியோடு கட்டலாம். கட்டத் தவறினால் அந்த வீட்டின் தண்ணீர் வால்வு மூடப்படும்.

மனைவி மெக்கானிக்கின் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தது தடுக்கவா தள்ளவா என்று தெரியாமலே அவர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் சார். நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன்."

முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட்டைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதெல்லாம் 'இன்னும் எவ்வளவு நேரமாகும்?' என்பதுதான். மெக்கானிக்கின் குரல் தானாகவே ஒரு தளம் உயர்ந்தது.

"கூட்டம் லிஃப்ட்டைப் பத்தின்னு தெரிஞ்சதும், நேத்து மேல மெஷின் ரூமுக்குப் போய் நானே பார்த்தேன். ரோப்ல ஒரு இழைகூட அறுகல. இன்னும் எட்டு வருஷம் தாராளமா ஓடும். இதை மாத்தச் சொல்லி எழுதினவன் ஒண்ணு குருடனா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும்."

கைதட்டினார்கள். நான்காம் தளத்துப் பல் டாக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில்கூட அடித்தார். மனைவி முழங்கையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீடு வாங்கியதிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் வீட்டுக்காரியின் களை வந்தது.

"இதை எழுத்துல கொடுப்பீங்களா?" என்றார் செயலாளர், இரண்டு பேனாவில் ஒன்றை உருவியபடி.

"தாராளமா."

"அப்ப இந்த அறிக்கையைப் பார்த்து, எழுதினவனோட ஊழியர் நம்பரையும் சேர்த்துப் போடுங்க."

கோப்பு கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. மெக்கானிக் அதைத் திறந்தார். 'மாற்றுவது அவசியம்' என்ற கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். கீழே தேதி, போன வருடம். அதற்கும் கீழே, கடைசி எழுத்திலிருந்து நீளமாக வால் இழுத்த ஒரு கையெழுத்து. மனைவியும் எட்டிப் பார்த்தாள். வீட்டுக் கடன் பத்திரங்களின் அறுபது பக்கத்திலும் அவர் அந்த வாலை இழுத்ததை அவள் அருகிலிருந்து பார்த்தவள்.

கம்பெனியில் அது வழக்கம். பத்து வருடம் தாண்டிய எல்லா லிஃப்ட்டுக்கும் வருடக் கடைசியில் ஒரு ஃபாரம் எழுத வேண்டும். எல்லா ஃபாரத்திலும் அந்த டிக் விழ வேண்டும். டிக் அடிக்காதவனை மேலாளர் கூப்பிட்டு, 'கம்பெனி நல்லா இருக்க வேணாமாப்பா?' என்று அன்பாகக் கேட்பார். அடுத்த மாதம் அவனுக்கு ஊருக்கு வெளியே தூரத்துக் கட்டடங்களாகப் போடுவார். ஆள் குறைந்த வருடங்களில் மற்றவர்களின் கட்டடங்களுக்கான ஃபாரமும் கட்டாகக் கைக்கு வரும். அதில் கட்டடத்தின் பெயர்கூட இருக்காது, லிஃப்ட் எண் மட்டும்தான். நாற்பது லிஃப்ட்டை நேரில் போய்ப் பார்க்க ஒரு மாதம் ஆகும். டிக் அடிக்க ஒரு டீ ஆறும் நேரம் போதும்.

"நம்பரைச் சொல்லுங்க," என்றார் செயலாளர்.

"நாளைக்கே கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாம்," என்றார் பல் டாக்டர். "அந்த ஆளு வேலை போகணும். அப்பத்தான் புத்தி வரும்."

"போகணும், போகணும்," என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள்.

மெக்கானிக் கோப்பை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"நான் பார்த்தது மேலோட்டமாத்தான்," என்றார். "மெஷின் ரூம்ல வெளிச்சம் பத்தல."

"என்ன சொல்றீங்க? எட்டு வருஷம் ஓடும்னீங்களே?"

"ரோப்பைப் பொறுத்தவரைக்கும்… வெளியே நல்லாத்தான் தெரியும். உள்ளுக்குள்ள தேய்மானம் இருக்கலாம். அதெல்லாம் பழகின கண்ணுக்குத்தான் பிடிபடும்." கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அறிக்கையைப் பார்த்தா, எழுதினவரு நல்ல அனுபவஸ்தரா தெரியறாரு."

யாரோ சிரித்தார்கள். பல் டாக்டர், "நல்லவேளை, நீங்க டாக்டராகல," என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் மெக்கானிக்கும் ஒருவர்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டாள். "பார்க்காமலேயா போட்டீங்க?"

"நாப்பது ஃபாரம். டீக்கடையில. கிரீஸ் முதுகுல வெச்சு எழுதினேன்."

"நாப்பது கட்டடமா?"

"அந்த வருஷம் நாப்பது."

அவள் விரல்களைத் தண்ணீருக்குள் விட்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. "ஒரு கட்டடத்துக்கு எத்தனை வீடு இருக்கும்?"

இந்தக் கேள்வியை மெக்கானிக் இதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ரோப் மாற்றும் வேலை வந்தது. மேலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உன் கட்டடமாமே! போக்குவரத்துப் படி மிச்சம்," என்று சொல்லி இவர்களையே அனுப்பினார். கேபினைக் கட்டி நிறுத்திவிட்டு மெக்கானிக்கும் கிரீஸும் பழைய ரோப்பை அறுத்தார்கள். அறுபட்ட முனையில் இழைகள் புதுக் காசு மாதிரி மின்னின.

"இதுல இன்னொரு தலைமுறையே ஏறி இறங்கலாம்டா," என்றார் கிரீஸ்.

"கத்தாதே. கீழ செயலாளர் நிக்கறாரு."

செயலாளர் நின்றுகொண்டுதான் இருந்தார். "பார்த்துப் பொறுமையா பண்ணுங்க," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். "இது உங்க சொந்தக் கட்டடம், ஞாபகம் வெச்சுக்கங்க."

கம்பெனி வேன் பழைய ரோப்பைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கே போகிறது என்று இருவரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்கள். அந்த மாடியில் மெக்கானிக் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ இப்ப இருக்கற ரூமுக்கு எவ்வளவு கொடுக்கறே?" என்று கேட்டார், கிரீஸைப் பார்க்காமல்.

கிரீஸ் சொன்னார்.

"அதோட கொஞ்சம் போட்டுக் கொடு. தனி அறை. கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்து."

"வாடகைக்கு இருக்கறவன் லிஃப்ட்டுக்குக் கட்டணுமா?"

"வேணாம். அது ஓனர் பொறுப்பு."

"தண்ணி லாரி? எதிர்காலம் எல்லாம்?"

"அதுவும் ஓனர்தான்."

கிரீஸ் டிபன் பாக்ஸை மூடினார். கேலிக்கு ஏதோ வாய்வரை வந்தது; நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். "வீட்டுல தங்கச்சி என்ன சொல்லுது?" என்றார்.

"உன்னைக் கேக்கச் சொன்னதே அவதான்."

முதல் தேதி கிரீஸ் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். கணவனும் மனைவியும் மெத்தையை ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கிரீஸ் நல்ல வாடகைதாரர். சத்தம் போடுவதில்லை, பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார், சுவரில் ஆணி அடிக்க அனுமதிகூடக் கேட்டார். நன்றாகத் தூங்குவார், அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மெக்கானிக் அந்தக் கதவைத் தட்டினார். இரண்டாவது தடவை கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"நான்தான்டா. ஓனர்."

அந்த வீட்டில் ஒரே ஒரு கழிப்பறைதான் இருந்தது. அது படுக்கையறைக்குள் இருந்தது.