பதினேழாம் எண்ணின் ரத்தம்

"இன்னும் ஒரே ஒரு தடவைப்பா" என்று மகள் ரப்பர் பட்டையும் ஊசியுமாக நின்றாள். அம்மா குறுக்கே வந்தாள்.

"அவர் கையைப் பாருடி. அது கையா, சல்லடையா?"

அப்பா சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டிவிட்டிருந்தார். சாக்கடைக்குள் இறங்கி அடைப்பெடுக்கிற கை. "குத்தட்டும் விடு. இன்னைக்குப் பரீட்சை. தேறலைன்னா நாளையிலிருந்து உன்கூட வந்து தெருக் கூட்டணும்."

"எனக்கு அதுவும் ஒழுங்கா வராதுப்பா" என்றாள் மகள். யாரும் சிரிக்கவில்லை, அவளும்தான்.

சமுதாயக் கல்லூரியில் ஆய்வகத் தொழில்நுட்பம் படிப்பவர்கள் ஒருவர் கையில் ஒருவர் ரத்தம் எடுத்துப் பழகுவது வழக்கம். வகுப்பில் இருபத்தொரு பேர். ஜோடி சேர்ந்தால் ஒருவர் மிஞ்சத்தான் வேண்டும், கணக்கு அப்படி என்றார்கள். நடுவில் ஒருத்தி நின்றுபோய் இருபது ஆனது. அப்போதும் பதினேழாம் எண்காரியான இவள்தான் மிஞ்சினாள். ஒரு ஜோடி மூவரானது. அந்த வகுப்பில் கணக்குக்கூடத் தீட்டுப் பார்த்தது.

பரீட்சையிலும் அவள் எதிர் நாற்காலி காலி.

"பார்ட்னர் இல்லாம மார்க் போட முடியாதும்மா. விதி" என்றார் ஆய்வக வாத்தியார், சுவரைப் பார்த்து.

"யாரையாவது உட்காரச் சொல்லுங்க சார்."

"நான் எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?"

அவள் உட்கார்ந்தாள். பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, தன் இடது கையில் தானே ஊசியை இறக்கினாள். நிரம்பிய குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து, அதிலிருக்கும் மருந்தோடு கலக்கினாள். அதைச் செய்யாவிட்டால் ரத்தம் உறைந்துவிடும்.

பதற்றத்தில் நாலு பேர் அதை மறந்திருந்தார்கள். உறைந்த ரத்தத்தில் அணு எண்ண முடியாது. மறுபடி குத்த நேரமும் இல்லை. ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

வாத்தியார் வந்தார். இந்த முறை முகத்தைப் பார்த்தார். "உன் குழாயில கொஞ்சம் மிச்சம் இருக்காம்மா? பாவம், ஒரு வருஷம் போயிடும்."

"என் வருஷம் சார்?"

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். அழுகிறவளைப் பார்த்தாள். பாழாய்ப்போன மனசு, அதுவும் அப்பாவிடமிருந்து வந்தது. நாலு குழாய்களில் பிரித்து ஊற்றினாள். பிறகு பேனா எடுத்து நான்கிலும் '17' என்று எழுதினாள்.

"எங்க நம்பரை எழுதுப்பா" என்றாள் அழுதவள்.

"யார் ரத்தமோ அவங்க நம்பர்தான். இதை மாத்தினா நோயாளி செத்துப்போவான்னு சார்தானே சொன்னாரு?"

நாலு பேரும் அந்த எண்ணைத் தொட்டுத் தூக்கிப் போய் அணு எண்ணினார்கள், தேறினார்கள்.

மாலையில் தேர்வு முடிவுத் தாள் ஒட்டப்பட்டது. பதினேழுக்கு நேரே 'வரவில்லை' என்றிருந்தது.

ஆய்வகத்தைப் பூட்ட வந்த காவலாளி, உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருப்பதைக் கண்டார். "எல்லாரும் போயாச்சேம்மா, எழுந்திரு."

"எழுந்திருக்கிறேண்ணே. நான் இங்க இருந்தேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று பேனாவை நீட்டினாள்.